ஒரே ஓட்டில் உழவும் விதைப்பும்: கடைமடைச் சம்பாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் உள்ள ஒரு கிராமத்தில் 2024 சம்பாப் பருவத்தில் நடந்ததை விதைப்பிலிருந்து அறுவடை வரை இங்கே பதிவு செய்கிறேன். சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கனமான ரோட்டவேட்டரின் மேல் விதைப்பெட்டி பொருத்தி, உழவையும் விதைப்பையும் ஒரே ஓட்டில் முடிக்கும் முறையைப் பற்றி டெல்டாவில் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். கருவியின் விலை, மானியம் பற்றிப் பேச ஆள் உண்டு. வயலில் அது எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

நிலம் மொத்தம் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர். மூன்று தாக்காக, அதாவது மூன்று துண்டாக இருக்கிறது: வாய்க்காலை ஒட்டி நாலு மா, நடுவில் ஆறு மா, வடிகால் ஓரம் ஐந்து மா. எல்லாமே களிமண். காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும். நிலத்துக்காரர் அறுபதைத் தாண்டியவர். மகன் திருப்பூரில் வேலையில் இருப்பதால் சாகுபடியைக் கணவனும் மனைவியும்தான் பார்க்கிறார்கள். அவரைப் பெரியவர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி அந்த வருஷம் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் தண்ணீர் விட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் அணை 120 அடியைத் தொட்டது என்றாலும், கடைமடையில் குறுவைக்கு அதற்குள் காலம் போய்விட்டது. சம்பாவை நாற்று விட்டு நடுவதா, நேரடியாக விதைப்பதா என்ற கேள்வி அந்தப் பகுதியில் பெரும்பாலும் எழுவதே இல்லை. நாற்றுப் பறிக்கவும் நடவும் ஆள் கிடைப்பதில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீரும் எந்த நாளில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கோடையில் உழுது போட்டு, ஆவணியில் புழுதியில் விதைத்து, மழையிலும் கிடைத்த தண்ணீரிலும் முளைக்க வைத்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பயிரை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போதுதான் கார்த்திகை வெள்ளத்தில் பயிர் தலையை வெளியே வைத்துக்கொண்டு நிற்கும்.

இதில் பெரியவரின் பழைய முறை, கல்டிவேட்டரால் இரண்டு உழவு, ரோட்டவேட்டரால் ஓர் ஓட்டு, ஏக்கருக்கு 40 கிலோ விதையைக் கையால் வீசுவது, பிறகு விதையை மூடக் கல்டிவேட்டரை மேலாக இன்னொரு முறை ஓட்டுவது. நான்கு தடவை டிராக்டர் வர வேண்டும். ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவதால் ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ஒரு மழை பெய்தால் களிமண் மறுபடி உழவுக்கு ஏற்ற பதத்துக்கு வர ஒரு வாரமாவது ஆகும். முந்தைய வருஷம் அப்படித்தான் அவருடைய வடிகால் ஓரத் தாக்கு விதைப்பு புரட்டாசிக்குத் தள்ளிப்போய், பயிர் சிறிதாக இருக்கும்போதே தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டது. ஒரே ஓட்டில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது அதனால்தான். செலவு மிச்சம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

கருவி

பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் வாடகைக்கு ஓட்டுவதற்காக 55 குதிரைத்திறன் டிராக்டரும், அதற்கு ஏற்ற ஏழு அடி ரோட்டவேட்டரும் வைத்திருந்தார். அவரை இனி வண்டிக்காரர் என்கிறேன். எல் வடிவக் கத்திகள் 48. சாதாரணமாக நம் பக்கம் ஓடும் ஐந்தரை, ஆறு அடிக் கருவியைவிட உடல் கனம், கியர் பெட்டியும் பெரியது. அதன் மேல் விதைப்பெட்டி, விதையை அளந்து விடும் பள்ளம் வைத்த உருளைகள், பின்னால் இறங்கும் பத்துக் குழாய்கள். குழாய்க்குக் குழாய் 20 சென்டிமீட்டர். உருளைகளைச் சுற்றுவது பக்கவாட்டில் தரையில் உருளும் ஒரு சிறிய இரும்புச் சக்கரம்.

எல் வடிவக் கத்திக்கே ஒரு கதை உண்டு. சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனையை 1912-ல் ஆஸ்திரேலியாவில் ஏ. சி. ஹோவர்டு தன் அப்பாவின் பண்ணையில் சோதித்துப் பார்த்தபோது, மண் பக்கவாட்டில் சிதறிப் போனது. அதைச் சரி செய்யத்தான் அவர் கத்தியை எல் வடிவத்தில் வளைத்தார். விதைப்பெட்டியோடு ஓட்டும்போது இந்த விஷயம் ரொம்ப முக்கியம். மண் எங்கே எறியப்படுகிறது, எங்கே விழுகிறது, அது விழுந்த பிறகு விதை விழுகிறதா அதற்கு முன்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும்போது இந்தக் கருவியில் கத்தித் தண்டு ஏறக்குறைய 210 சுற்று சுற்றும். கத்திகளைப் பொருத்தும் ஒரு தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று கத்தி. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் டிராக்டர் போனால் ஒவ்வொரு கத்தியும் சுமார் 8 சென்டிமீட்டர் மண்ணைக் கடித்து எடுக்கும். 2 கிலோமீட்டராகக் குறைத்தால் கடி 5 சென்டிமீட்டர், மண் மாவாகிவிடும். 4 கிலோமீட்டருக்கு மேல் போனால் கடி 10 சென்டிமீட்டரைத் தாண்டி கட்டி பெரிதாகும். மெதுவாக ஓட்டினால் நல்ல உழவு என்று நாம் பொதுவாக நினைப்பது சேற்று உழவுக்குச் சரி. புழுதி விதைப்பில் அது எப்போதும் சரியாக வராது என்பதை இந்த நிகழ்வில் நேரில் பார்த்தோம்.

விதைப்புக்கு முன்

சித்திரை மழையில் கோடை உழவு செய்யப்பட்டிருந்தது. ஆடியில் பெய்த இரண்டு மழையில் களை நன்றாக முளைத்து எழுந்தது. அதை அப்படியே விட்டு, விதைக்கும் ஓட்டிலேயே அறுத்துப் புதைத்துவிடலாம் என்று பெரியவரும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்தார்கள். குதிரைவாலிப் புல்லுக்கு இது நல்ல யோசனை. ஆனால் வாய்க்கால் ஓரத் தாக்கில் கோரை திட்டுத் திட்டாக இருந்தது. கோரையின் கிழங்கு மண்ணுக்கடியில் சங்கிலி போல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சுழல் கத்தி அதைத் துண்டு துண்டாக வெட்டி வயல் முழுக்கப் பரப்பும். ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாக எழும். அந்தத் திட்டுகளை மட்டும் முன்கூட்டி மருந்தடித்துக் காயவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. நேரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ரகம் சி.ஆர். 1009 சப் 1. 150 முதல் 155 நாள் வயது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் என்பதால் வெள்ளம் நிற்கும் நிலத்துக்கு இதுதான் பொருத்தம். விதையை ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினார்கள். பெட்டியில் போடும் விதை கையில் அள்ளினால் சலசலவென்று உதிர வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருளைப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அளவு குறையும்.

அளவு ஏக்கருக்கு 25 கிலோ என்று வைத்தார்கள். சரிபார்க்க, டிராக்டரைக் களத்தில் நிறுத்தி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றி, குழாய் வாயில் பை கட்டி எடை பார்த்தார்கள். கணக்கு சரியாக வந்தது.

முதல் தாக்கு

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வாய்க்கால் ஓரத்து நாலு மாவில் ஆரம்பித்தார்கள். மேல்மண் வெளிறிக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துப் பதம் வந்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். கத்தி நாலரை அங்குலம் வரை இறங்கும்படி பக்கச் சறுக்குகளை வைத்தார்கள், ஏனென்றால் சேற்று உழவுக்கு வைத்திருந்த அளவு அதுதான். வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்.

ஒரு சால் போய்த் திரும்பியதும் பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. கோலமாவு தூவியது போல வயல் சமமாகக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பெரியவரின் மனைவி மட்டும் ஓட்டிய மண்ணில் இறங்கி நடந்து பார்த்தார். கால் கணுக்கால் வரை புதைந்தது. "இம்புட்டுப் பொலபொலன்னு இருக்கே தம்பி, விதை எங்கதான் கிடக்கு, தோண்டிப் பாருங்களேன்" என்றார். அவர் கையிலிருந்த களைக்கொத்தாலேயே ஒரு சாலைக் கிளறிப் பார்த்தோம். குழாய் வாய் மண்ணுக்குள் போய், விதை மேலிருந்து மூன்று அங்குலத்துக்கும் கீழே கிடந்தது. சில இடத்தில் விதையே தட்டுப்படவில்லை.

நெல்லுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் போதும். மழை பெய்தால் மண் படிந்து ஆழம் குறைந்துவிடும் என்று வண்டிக்காரர் சொன்னார். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பொலபொலத்த மண் படியத்தான் செய்யும். அந்த நம்பிக்கையில் மிச்சத்தையும் ஓட்டி முடித்தார்கள். விதைத்த மூன்றாம் இரவு இடியோடு நல்ல மழை. மறுநாள் முழுக்கக் கொளுத்தும் வெயில்.

என்ன கண்டோம்

பன்னிரண்டாம் நாள் வயலில் இறங்கிப் பார்த்தபோது முளைப்பு மோசமாக இருந்தது. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டிப் பல இடத்தில் எண்ணினோம். நல்ல இடத்தில் எழுபது, எண்பது பயிர். மோசமான இடத்தில் இருபதுகூட இல்லை. 25 கிலோ விதை சீராக விழுந்திருந்தால் சதுர மீட்டருக்கு 250-க்கு மேல் நெல் கிடக்க வேண்டும். அதில் பாதி எழுந்தால்கூட நிறைந்த பயிர்.

காரணம் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்திருந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததுதான் இந்த நிகழ்வில் நடந்த நல்ல வேலை.

மேல்மண் பொருக்கு தட்டியிருந்தது. மாவாக உழுத களிமண்ணில் மழை அடித்ததும் துகள்கள் கரைந்து மேலே ஓர் ஏடாகப் படிந்து, வெயிலில் இறுகிவிட்டது. ஒரு வில்லையை மெதுவாகப் பெயர்த்துத் திருப்பினேன். அதன் அடியில் வெள்ளைக் குருத்துகள் மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் மடிந்து, பொருக்கின் அடியை ஒட்டியே ஓடியிருந்தன. சில குருத்துகள் விரிசல் இருந்த இடத்தைத் தேடிப் போய் அங்கே மட்டும் பச்சையாக வெளியே வந்திருந்தன. பயிர் விரிசல் கோட்டில் வரிசையாக நின்றதைப் பார்த்துத்தான் முதலில் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

அதற்குக் கீழே ஆழமாகப் போன விதைகள் முளைத்து, பாதி வழியிலேயே சத்துத் தீர்ந்து அழுகிக் கிடந்தன.

இன்னும் கீழே, கத்தி ஓடிய மட்டத்தில், மண் பளபளப்பாக இழைக்கப்பட்டிருந்தது. மேலே காய்ந்திருந்தாலும் நாலு அங்குலத்தில் மண் ஈரமாகத்தான் இருந்திருக்கிறது. ஈரக் களியில் கத்தியின் முதுகு உராய்ந்தால் அது கொத்தாது, மெழுகும். வேர் அந்த மெழுகைத் தாண்டிப் போகக் கஷ்டப்படும், தண்ணீரும் இறங்காது.

விதையே இல்லாத இடங்களுக்குக் காரணம் சக்கரம். களத்தில் கையால் சுற்றும்போது சரியாக விழுந்த விதை, வயலில் சக்கரம் பொலபொலத்த மண்ணில் சரியாகப் பிடிக்காமல் சறுக்கியதால் குறைந்துவிட்டது. பெட்டியில் மீந்திருந்த விதையை எடை போட்டபோது அது உறுதியாயிற்று. நாலு மாவுக்கு 33 கிலோ போயிருக்க வேண்டும். போனது 24 கிலோ. அதோடு, வயல் நீளத்துக்கும் இரண்டு வரிசை சுத்தமாகக் காலி. மட்கார்டின் உட்புறம் அப்பிய ஈரக் களி பிதுங்கி வந்து ஓரத்துக் குழாய் வாய் இரண்டை அடைத்திருக்கிறது. ஓட்டும்போது பின்னால் ஆள் யாரும் பார்த்துவரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது, முளைக்காத நாலு மாவை என்ன செய்வது என்பது. மறுபடி உழுது விதைத்துவிடலாம் என்று வண்டிக்காரர் தாமாகவே முன்வந்தார், வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். பெரியவர் அதற்கு ஒப்பவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. மறுபடி கிளறினால் இருக்கிற பயிரும் போகும், ஈரமும் போகும். இன்னொரு மழைக்குக் காத்திருந்து முளைக்க வைத்தால் 155 நாள் ரகத்துக்குக் காலம் பிந்தும். அதனால் ரொம்ப மோசமாக இருந்த ஒரு மாவில் மட்டும் விதையைக் கையால் வீசி, முள் இழுத்து மூடினார்கள். மீதி மூன்று மாவில் வாய்க்கால் தண்ணீரை ஒரு நாள் மட்டும் பாயவிட்டுப் பொருக்கை இளக்கினார்கள். அடைபட்டுக் கிடந்த குருத்தில் ஒரு பகுதி அதில் எழுந்து வந்தது. மீந்த இடைவெளிகளைப் பயிர் பக்கம் கட்டும், அதாவது தூர் வெடிக்கும் சமயத்தில் அடர்ந்த இடத்திலிருந்து பிடுங்கிக் கலைத்து நட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

அடுத்தது, மிச்சப் பதினோரு மாவில் இந்தக் கருவியை ஓட்டுவதா, பழைய முறைக்கே போவதா. ஊரில் பலர் பழைய முறையைத்தான் சொன்னார்கள். பெரியவர் தயங்கினார். கருவியை மாற்றாமல் கருவியின் அமைப்பை மட்டும் மாற்றி ஒரு மாவில் ஓட்டிப் பார்ப்போம், தோண்டிப் பார்த்துத் திருப்தி என்றால் தொடரலாம் என்று பேசி ஒத்துக்கொண்டார்.

மாற்றங்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் ஒரே பகலில் முடிந்தன. சக்கரம், கத்தி ஓடும் அகலத்துக்கு வெளியே, உழாத மண்ணில் உருளும்படி கையை நீட்டிப் பற்ற வைத்தார்கள். சக்கர விளிம்பில் பட்டை இரும்பில் பற்கள் வைத்தார்கள். குழாய் வாய்களைப் பின்னால் தள்ளி, கத்தி எறிந்த மண் பின்பலகையில் பட்டு விழுந்து அடங்கிய பிறகு விதை விழும்படி செய்தார்கள். அதற்கும் பின்னால், பழைய ஆறங்குல இரும்புக் குழாய் ஒன்றை முழு அகலத்துக்கும் உருளையாகச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். மண்ணை அமுக்கி, விதையோடு ஈரம் ஒட்ட வைப்பது அதன் வேலை. கையால் விதைத்த பிறகு பரம்பு அடித்தால் நடப்பதும் இதேதான். ஒரே ஓட்டு என்ற பேரில் அந்த வேலை விட்டுப்போயிருந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கருவியோடு உருளை சேர்ந்தே வர வேண்டும். உருளை இல்லாமல் விற்பவரிடம் வாங்கவே கூடாது என்பேன்.

ஆழத்தை இரண்டரை அங்குலமாகக் குறைத்தார்கள். கோடை உழவு ஏற்கெனவே ஆழத்தைத் திறந்துவிட்டதால் இப்போது விதைப் படுக்கைக்கு மட்டும் மண் கிளறினால் போதும். வேகத்தை மணிக்கு இரண்டு கிலோமீட்டரிலிருந்து மூன்று, மூன்றரைக்கு ஏற்றினார்கள். கட்டி கொட்டைப்பாக்கு அளவில் இருக்கட்டும், மாவாக வேண்டாம் என்பது நோக்கம். ஆழம் குறைந்ததால் அந்த வேகத்திலும் இன்ஜின் திணறவில்லை.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது பதம் பார்த்த விதம். மேல்மண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கத்தி இறங்கப்போகும் ஆழத்துக்கும் ஓர் அங்குலம் கீழே இருந்து மண்ணை எடுத்தார்கள். உள்ளங்கையில் வைத்துத் திரித்தால் திரியாக நீளக் கூடாது. உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்தாக உடைய வேண்டும். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் பார்த்து, வடிகால் பக்கம் திரி வந்ததால் அந்த ஐந்து மாவைத் தனியாக நிறுத்தி வைத்தார்கள். வண்டிக்காரருக்கு அன்று வேறு ஊரில் வேலை காத்திருந்தது. இருந்தும் அவர் நாலு நாள் கழித்துத் திரும்பி வர ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் இல்லாவிட்டால் மீதி எதுவும் பலன் தந்திருக்காது.

இரண்டாவது, மூன்றாவது தாக்கு

விதை அளவை இந்த முறை வயலிலேயே சரிபார்த்தார்கள். பத்துக் குழாய்க்கும் பை கட்டி 50 மீட்டர் ஓட்டினால், 2 மீட்டர் அகலத்துக்கு 100 சதுர மீட்டர் ஆகிறது. ஏக்கருக்கு 25 கிலோ என்றால் எல்லாப் பையும் சேர்த்து 600 கிராம் சொச்சம் இருக்க வேண்டும், ஒரு பையில் 60 கிராம். முதல் ஓட்டத்தில் 540 வந்தது. விதைப்பெட்டி உருளையின் திறப்பைக் கொஞ்சம் கூட்டி மறுபடி ஓட்டியதும் சரியாயிற்று. இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒரு மாவை ஓட்டிவிட்டு நிறுத்தி, ஐந்து இடத்தில் தோண்டினார்கள். விதை ஓர் அங்குலத்தை ஒட்டிக் கிடந்தது. கால் வைத்தால் குதிகால் தடம் மட்டும் பதிந்தது. பெரியவர் தலையசைத்தார், மீதி ஐந்து மாவும் அன்றே முடிந்தது. பெரியவரின் உறவுக்காரப் பையன் ஒருவன் பின்னாலேயே நடந்து குழாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஆயிற்று.

வடிகால் ஓரத் தாக்கு நாலு நாள் கழித்து, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் விதைக்கப்பட்டது. விதைத்த பின் மழை வர ஒரு வாரம் ஆயிற்று என்றாலும், அமுக்கிய மண்ணில் இருந்த ஈரத்திலேயே பாதிக்கு மேல் முளைத்துவிட்டது. முளைத்த பின் எண்ணியபோது இரண்டு தாக்கிலும் சதுர மீட்டருக்கு 130 முதல் 150 வரை இருந்தது. மழை பெய்து பொருக்கு லேசாகப் படிந்தது. கட்டிகளுக்கு நடுவே சந்து இருந்ததால் குருத்து தடையில்லாமல் வந்தது.

களைக்கு, மழை ஈரம் கிடைத்ததும் பெண்டிமெத்தலின் ஏக்கருக்கு 1.3 லிட்டர், பிறகு பயிருக்கு இருபது நாள் இருக்கும்போது பிஸ்பைரிபேக் சோடியம் 100 மில்லி அடித்தார்கள். இந்த இரண்டு தாக்கிலும் அதோடு ஒரு கைக்களை போதுமானதாக இருந்தது. முதல் தாக்கில் கதை வேறு. பயிர் மெலிந்த இடமெல்லாம் கோரை பிடித்துக்கொண்டது. பயந்தபடியே, ஓரத்தில் திட்டாக இருந்த கோரை வயல் நடுவரை பரவியிருந்தது. அங்கே இரண்டு கைக்களை எடுத்தும் தீரவில்லை.

மழைக்காலமும் அறுவடையும்

நவம்பர் 26, 27 தேதிகளில் வங்கக்கடல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் கொட்டிய மழையில் இந்த வயல்களும் மூழ்கின. நடுத்தாக்கிலும் வடிகால் ஓரத்திலும் பயிர் உயரமாகவும் கட்டித்தும் இருந்ததால் நுனிகள் வெளியே தெரிந்தன. முதல் தாக்கில் பிறகு வீசி முளைத்த ஒரு மா முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. வடிகால் ஓரத்தில் நாலாம் நாளே தண்ணீர் இறங்கிவிட்டது. முதல் தாக்கு மேடாக இருந்தும் அங்கே தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக நின்றது. மெழுகிய அடிமண்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு வயலை மட்டும் வைத்து அதை அடித்துச் சொல்ல முடியாது.

பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை. பெரியவரின் கணக்கு நோட்டுப்படி, 60 கிலோ மூட்டையில், நடுத்தாக்கு ஏக்கருக்கு 27, வடிகால் ஓரம் 25, முதல் தாக்கு 17. அடுத்த வரப்பில் பழைய முறையில் கையால் விதைத்தவருக்கு 23. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அந்தப் பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,405 ரூபாய். அந்த விலையில் பார்த்தால் முதல் தாக்குக்கும் நடுத்தாக்குக்கும் ஏக்கருக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஆனால் 27-க்கும் 23-க்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்கக் கருவியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வயல் விதைப்பு பத்து நாள் பிந்தியது, உரமும் ஒன்றல்ல. பிந்தாமல் விதைக்க முடிந்ததே கருவியால்தான் என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம்.

செலவில், உழவும் விதைப்பும் சேர்ந்து பழைய முறைக்கு ஏக்கருக்கு நாலாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று பெரியவர் கணக்கு வைத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது தாக்கில் அதில் பாதிதான் ஆனது. விதையில் ஏக்கருக்கு 15 கிலோ மிச்சம். முதல் தாக்கில் மறுவிதைப்பு, கலைத்து நட்ட கூலி, கூடுதல் களைக்கூலி எல்லாம் சேர்ந்து பழைய முறையைவிட அதிகமாகவே போய்விட்டது.

இனி என்ன மாறும்

அடுத்த சம்பாவுக்குப் பெரியவரும் வண்டிக்காரரும் உட்கார்ந்து பேசி வைத்திருப்பது இது. கோரை இருக்கும் இடத்தில், கோரை மருந்தடித்துக் காய்ந்த பிறகே கத்தி இறங்கும். நேரம் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை ஓட்டுவார்கள். முதல் தாக்கில் கோடையில் உளிக்கலப்பையை ஓட்டி அடிமண்ணைப் பிளந்துவிடுவது முடிவாகிவிட்டது. மற்ற இரண்டு தாக்கிலும் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓடினால், பதம் சரியாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடி இறுகத்தான் செய்யும்.

வண்டிக்காரர் தன் வாடகை முறையையே மாற்றியிருக்கிறார். முன்பெல்லாம் வந்த நாளில் ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் டீசல் காசு நஷ்டம். இப்போது முதல் நாள் மாலையே பைக்கில் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் டிராக்டரைக் கிளப்புகிறார். பதம் இல்லையென்றால் ஊர் வரிசையில் அடுத்தவரிடம் போவார். தள்ளிவைத்தவருக்கு வரிசை போகாது. நான்கு ஓட்டு இருந்த காலத்தில் முதல் உழவு பிசகினால் இரண்டாவதில் சரி செய்யலாம், அதுவும் பிசகினால் பரம்பில் சரி செய்யலாம். இந்தக் கருவியில் அந்த வாய்ப்பு கிடையாது என்பதால், பதம் பார்ப்பதற்கு ஆகும் அந்த ஒரு மாலை நேரத்தையும் வாடகையில் சேர்த்துக் கேட்கிறார். பெரியவர் அதை மறுக்காமல் கொடுக்கிறார்.

விதைக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் தெரிய, பட்டறைக்காரர் யோசனைப்படி குழாயின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தால் விதை ஓடுவது தெரியும். இருந்தாலும் புழுதியில் அது சீக்கிரம் மங்கிவிடுகிறது. இப்போதைக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து வருவதை நிறுத்தவில்லை.